அடைமழையில் ஒரு லினோக்கட் கண்காட்சி

போன நவம்பரில் கும்பகோணத்தில் என்னுடைய லினோக்கட் அச்சுகளை வைத்துப் பத்து நாள் கண்காட்சி நடத்தினேன். முதல் தனிக் கண்காட்சி. செலவு 39,960 ரூபாய். கைக்கு வந்தது 15,760 ரூபாய், அதிலும் பாதி பிப்ரவரி கடைசியில்தான் வந்தது. இது போக இடது கை கட்டைவிரலுக்கு அடியில் நாலு தையல், தோள்பட்டை வலி, பள்ளியில் மிச்சம் வைத்திருந்த தற்செயல் விடுப்பு மொத்தமும் காலி. யாரையும் திட்டுவதற்காக எழுதவில்லை, பாதித் தப்பு என்னுடையது. ஆனால் இதே வேலையைச் செய்து அடிபட்டவர் ஒரே ஒருவர் ஆரம்பத்திலேயே அரைமணி நேரம் உட்கார்ந்து பேசியிருந்தால் முக்கால்வாசி நடந்திருக்காது. எங்கள் ஊரில் ஓவியர்கள் இருக்கிறார்கள், சிற்பிகளுக்குப் பஞ்சமே இல்லை, அச்சுக்கலை செய்கிறவர் என்று எனக்குத் தெரிந்த வட்டத்தில் ஒருவரும் கிடையாது. அதனால் கொஞ்சம் விலாவாரியாகவே சொல்கிறேன்.

நான் ஓவிய ஆசிரியை. இருபது வருஷத்துக்கு முன்னால் இங்கேயே அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்தபோது ஒரு வருஷம் அச்சுக்கலை தொட்டேன், அப்புறம் கல்யாணம், வேலை, பிள்ளைகள் என்று விட்டுப்போனது. நாற்பத்திரண்டு வயதில் மறுபடி உளியை எடுத்தேன். லினோக்கட் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: லினோலியம் ஷீட்டில் படத்தை வரைந்து, வெள்ளையாக வரவேண்டிய இடங்களை உளியால் செதுக்கி எடுத்துவிட்டு, மேடாக மிஞ்சிய இடத்தில் ரோலரால் மை தடவி, மேலே தாளை வைத்துத் தேய்த்து எடுப்பது. லினோலியம் என்பது தரையில் விரிப்பதற்காக வந்த சரக்கு. 1860களில் இங்கிலாந்தில் ஃபிரெடரிக் வால்டன் என்பவர், பெயிண்ட் டப்பாவில் ஆளிவிதை எண்ணெய் காற்றுப்பட்டு ஆடை மாதிரி கெட்டியாகி நிற்பதைப் பார்த்து, அந்த ஆடையோடு தக்கைத்தூள் எல்லாம் கலந்து சணல் துணியில் படியவைத்துச் செய்தார். இந்தக் கதையை வேலையில்லாமல் சொல்லவில்லை. அதே எண்ணெய் ஆடைதான் நவம்பரில் என்னைப் பழிவாங்கியது, அங்கே வருகிறேன்.

ஆகஸ்ட் 20 வாக்கில் போன் வந்தது. ஊரில் ஒரு சமூகக் கலைக்கூடம், மாடியில் ஒரே பெரிய அறை, பிள்ளைகளின் ஓவியப் போட்டி, கோலக் கண்காட்சி எல்லாம் அங்கேதான் நடக்கும். "டீச்சர், நவம்பர் பதினஞ்சுல இருந்து பத்து நாள் காலியா இருக்கு, உங்க படத்தை வைக்கலாமே, வாடகை எல்லாம் ஒண்ணும் வேணாம்" என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. நவம்பர் பாதியில் அந்த அறை ஏன் காலியாக இருக்கிறது என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டும். ஐப்பசி அடைமழையும் கார்த்திகை கனமழையும் கைகோத்துக்கொள்ளும் சமயத்தில் தஞ்சாவூர் ஜில்லாவில் எவரும் மாடி ஏறிப் படம் பார்க்க வரமாட்டார் என்பது அந்தக் கூடத்தின் வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியாமல் இல்லை, சந்தோஷத்தில் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

கையில் ஒன்பது படம் இருந்தது. இருபத்திரண்டு தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். மீதி பதிமூன்று, பன்னிரண்டு வாரம், வாரத்துக்கு ஒன்று, கூடுதலாக ஒன்று தீபாவளி லீவில் என்று கணக்குப் போட்டேன். செதுக்குவதற்கு மட்டும் போட்ட கணக்கு அது. அச்செடுக்க, காயவைக்க, ஃப்ரேம் போட, சுவரில் மாட்ட நாள் வேண்டும் என்பதே அதில் இல்லை. இப்போது யாராவது கேட்டால் நான் சொல்வது: திறப்பு நாளை காலண்டரில் வட்டம் போட்டு அங்கேயிருந்து பின்னால் எண்ணுங்கள். மாட்டுவதற்கு இரண்டு நாள், ஃப்ரேம் கடைக்குப் பத்து நாள், மை காய வெயில்காலத்தில் ஒரு வாரம், மழைக்காலத்தில் மூன்று வாரம். அதையெல்லாம் கழித்துவிட்டு மிச்சம் இருப்பதுதான் செதுக்கும் நாள். அப்படி எண்ணியிருந்தால் எனக்கு எட்டு வாரத்துக்கும் குறைவாகத்தான் இருந்தது, பதிமூன்று அல்ல, ஏழு படத்துக்குத்தான் ஒத்துக்கொண்டிருப்பேன்.

முதல் அடி லினோ ஷீட்டில் விழுந்தது. நம் ஊர்க் கடைகளில் லினோ கிடைக்காது, வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டும், ஒரு வாரம் பத்து நாள் ஆகும். செப்டம்பரில் கையிருப்பு தீர்ந்ததும் பொறுமையில்லாமல், தரைவிரிப்பு விற்கும் கடையில் போய் "லினோலியம் இருக்கா" என்று கேட்டேன். "இருக்கு மேடம்" என்று ஒரு சுருளை எடுத்துப்போட்டார். அது வினைல். நம் ஊரில் இரண்டையும் ஒரே பேரில்தான் சொல்கிறார்கள், அவர் பொய் சொல்லவில்லை. வினைலில் உளி வழுக்கும், ஓரம் பிசிறும், பிளாஸ்டிக் இழுபடும். இரண்டு பிளாக் (செதுக்கிய ஷீட்டை அப்படித்தான் சொல்வோம்) பாழ், நாலு நாள் பாழ். அடையாளம் சுலபம்: நிஜ லினோவின் பின்பக்கம் சணல் நெசவு தெரியும், மூக்கருகே கொண்டுபோனால் எண்ணெய் வாடை அடிக்கும், வெட்டினால் சிறு சிறு துருவலாக உதிரும். பழைய ஷீட் இறுகிப்போயிருந்தால் பத்து நிமிஷம் வெயிலில் காட்டுங்கள், வெண்ணெய் மாதிரி வரும். வெயில் இல்லாத நாளில் ஒரு துணியைப் போட்டு இஸ்திரிப் பெட்டியை லேசாக வைத்தாலும் போதும்.

நான் அதைச் செய்யவில்லை. மகாமகக் குளத்தின் படிக்கட்டைச் செதுக்கிக்கொண்டிருந்தேன், சுற்றிலும் பதினாறு மண்டபம், நடுவே அடுக்கடுக்காகப் படி, ஒவ்வொரு படிக்கும் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு. ஷீட் இறுகிக் கிடந்தது, உளி மழுங்கியிருந்தது, ராத்திரி பதினொரு மணி. மழுங்கிய உளிக்கு அழுத்தம் கூடத் தரவேண்டும், கூட அழுத்தினால் அது எங்கே போய் நிற்கும் என்பது நம் கையில் இல்லை. இடது கையால் ஷீட்டை உளிக்கு முன்னால் பிடித்திருந்தேன். நாலு தையல், டிடி ஊசி, 1,350 ரூபாய், பத்து நாள் வேலை நின்றது. "காய்கறி நறுக்கும்போதா?" என்று நர்ஸ் கேட்டார், ஆமாம் என்று சொல்லிவிட்டேன், குளத்துப் படி வெட்டும்போது என்று சொன்னால் அதற்கு ஒரு விளக்கம் வேண்டும். அப்புறம்தான் ஆசாரியிடம் சொல்லி ஒரு பலகை செய்துகொண்டேன்: கீழே ஒரு ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) மேசை விளிம்பில் மாட்டிக்கொள்ளும், மேலே ஒரு ரீப்பரில் ஷீட் முட்டிக்கொண்டு நிற்கும், கை தானாகவே உளிக்குப் பின்னால் போய்விடும். ஆசாரி காசே வாங்கவில்லை, மிச்சப் பலகையில் செய்து கொடுத்தார். உளியைத் தீட்ட வீட்டுக்காரரின் பழைய தோல் பெல்ட்டில் கொஞ்சம் மெட்டல் பாலிஷ், அரைமணிக்கு ஒருதரம் பத்து இழுப்பு. இந்த இரண்டும் இல்லாமல் யாரும் உளியைத் தொடவேண்டாம்.

கட்டுப் போட்ட கையோடு அவசரமாகச் செய்த காபி கிளப் படத்தில் அடுத்த கூத்து. அச்சில் எல்லாம் இடவலம் மாறும், இது முதல் வகுப்புப் பாடம், நானே பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு அச்சில் சொல்லித்தருவது. ஆனாலும் 'டிகிரி காபி' என்ற பலகையை ஷீட்டில் நேராகவே எழுதி நேராகவே வெட்டியிருக்கிறேன். முதல் தாளைத் தூக்கிப் பார்த்தால் எழுத்தெல்லாம் வலமிருந்து இடமாக ஓடுகிறது. பி-யில் இருக்கும் ப மட்டும்தான் இடவலம் மாறினாலும் ப-வாக நின்றது, அந்த நேரத்திலும் அதைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. மூன்று ராத்திரி வேலை. டிரேசிங் தாளில் வரைந்து கவிழ்த்துப் போட்டுத் தேய்த்து இறக்குவதுதான் வழி, அல்லது செதுக்கும் முன் ஷீட்டை ஒரு கண்ணாடிக்கு முன்னால் காட்டிப் படியுங்கள், கண்ணாடியில் சரியாகப் படித்தால் அச்சிலும் சரியாக வரும்.

இனி அந்த எண்ணெய் விஷயம். நான் வாங்குவது எண்ணெய் மை. அது தண்ணீர் ஆவியாகிற மாதிரி காய்வதில்லை. அதிலிருக்கும் ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து ஆடை கட்டுவதுதான் காய்வது, வால்டன் டப்பாவில் பார்த்த அதே ஆடை. அதற்குக் காற்றோட்டமும் வெளிச்சமும் வேண்டும், குளிர்ச்சியும் ஈரமும் ஆகாது. அக்டோபர் கடைசியில் என் வீட்டில் இருந்தது குளிர்ச்சியும் ஈரமும் மட்டும்தான். சாரல் அடிக்கிறது என்று ஜன்னலையும் சாத்திவைத்தேன். அறை முழுக்கக் கொடி கட்டி, துணி கிளிப்பில் தாள்களைத் தொங்கவிட்டிருந்தேன், குனிந்து குனிந்துதான் நடக்கவேண்டும், பையன் ஒருநாள் எழுந்து பாத்ரூம் போய்விட்டு நெற்றியில் கறுப்புப் பட்டையோடு வந்தான். எட்டு நாள் கழித்துத் தொட்டாலும் விரலில் மை. என் படங்களில் கறுப்பு அதிகம், ராத்திரிக் கோயில் வீதி, பூட்டிய கடை, மழைத் தெரு என்று பாதித் தாள் கறுப்பு, அதனால் மையும் தடிமன். மெல்லிசாக இரண்டு தரம் ரோலர் ஓட்டியிருந்தால் பாதி நாளில் காய்ந்திருக்கும். மையோடு கலக்க டிரையர் திரவம் விற்கிறார்கள், அதைச் சில சொட்டுகள்தான் விடவேண்டும், கை தாராளமாக விட்டால் ரோலரிலேயே இறுகிவிடும், அதுவும் நடந்தது.

இதில் வெற்றிலைக் கொடிக்கால் படத்தை வேறு மூன்று நிறத்தில் செய்ய ஆசைப்பட்டேன். ஒரே பிளாக்கில் முதலில் இளம்பச்சை அச்செடுத்து, பிறகு அதையே இன்னும் செதுக்கி மேலே கரும்பச்சை, இன்னும் செதுக்கிக் கறுப்பு. 1950களின் கடைசியில் பிக்காசோ இந்த முறையில் நிறைய லினோக்கட் செய்தார். அழகான முறை, ஆனால் திரும்பிப் போக வழி கிடையாது, இரண்டாம் நிறத்துக்குச் செதுக்கியபின் முதல் நிறத்தை மறுபடி அச்செடுக்க முடியாது. ஒவ்வொரு நிறமும் காய்ந்தால்தான் அடுத்தது. அக்டோபர் 5-ல் தொடங்கிக் கறுப்பு நிறம் நவம்பர் 3-ல் போட்டேன். பதினாலு தாளில் தொடங்கினேன், ஈரத்தில் தாள் உப்பி நிறம் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காராமல் எட்டுதான் தேறியது. இதைச் செய்வதென்றால் தேவைக்கு ஒன்றரை மடங்கு தாளோடு தொடங்குங்கள், மழைக்காலத்தில் தொடங்கவே தொடங்காதீர்கள்.

ஃப்ரேம் கடைக்கு நவம்பர் 9-ஆம் தேதி கொண்டுபோனேன். காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்தேன், ஒட்டவில்லை, சரி என்று கொடுத்துவிட்டேன். விரலை நம்பக் கூடாது. வெள்ளைத் தாள் துண்டு ஒன்றை ஓரத்தில் வைத்து நகத்தால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், அதில் கறுப்பு வந்தால் உள்ளே இன்னும் பச்சையாக இருக்கிறது. கடைக்காரத் தம்பி கேட்டான், "மவுண்ட் போடவாக்கா? ஒண்ணுக்கு இருநூத்தம்பது கூட ஆகும்." இருபத்திரண்டு ஃப்ரேமுக்கு 780 வீதம் ஏற்கெனவே 17,160 ரூபாய். இன்னும் ஐயாயிரத்து ஐந்நூறா என்று வேண்டாம் என்றேன். இந்த மொத்தக் கதையில் நான் செய்த பெரிய முட்டாள்தனம் எது என்றால் இதுதான். படத்தைச் சுற்றி ஃப்ரேமுக்குள் வைக்கும் தடித்த அட்டைதான் மவுண்ட் போர்டு, அது அழகுக்கு என்று நினைத்திருந்தேன். அது கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே இடைவெளி விடுவதற்கு. இடைவெளி இல்லாததால் கண்ணாடி நேராக மையின்மேல் உட்கார்ந்தது. திறப்புவிழா முடிந்த மூன்றாம் நாள் பார்க்கிறேன், கறுப்பில் அங்கங்கே ஈரம் பட்ட மாதிரி பளபளப்புத் திட்டு. ஒன்பது படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிரித்தால் மை கண்ணாடியோடு வந்துவிட்டது. நல்லவேளை அச்சு என்பதால் வேறு பிரதிகள் இருந்தன, ஓவியமாக இருந்தால் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பேன். அன்று ராத்திரியே அந்த ஒன்பதுக்கும் மவுண்ட் போடக் கொடுத்தேன், 2,250 ரூபாய். தம்பி ஒன்றும் சொல்லவில்லை, அந்த மௌனம்தான் தாங்கமுடியவில்லை.

மாட்டும் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆணி அடிக்கக் கூடாது, இப்போதுதான் பெயிண்ட் அடித்தோம் என்று முதல் நாள் மாலை சொன்னார்கள். ஆகஸ்டில் போனபோது நானும் கேட்கவில்லை. இருபக்க டேப் வாங்கி ஒட்டினேன். ஈரச் சுவரில் அது எத்தனை மணி நேரம் நிற்கும்? விடிவதற்குள் மூன்று ஃப்ரேம் கீழே, இரண்டு கண்ணாடி சுக்கல். உடைந்த கண்ணாடிக்குப் பதில் தம்பி சும்மாவே போட்டுக்கொடுத்தான். கடைசியில் ஜன்னல் கம்பியிலிருந்து கம்பி வரை நைலான் கயிறு இழுத்து அதில் தொங்கவிட்டோம், பார்ப்பதற்குத் திருவிழாக் கடை மாதிரி இருந்தது. அப்புறம் டியூப் லைட். கறுப்புப் படத்தின்மேல் கண்ணாடி போட்டு எதிரே டியூப் லைட் எரிந்தால் அது முகம் பார்க்கும் கண்ணாடி. ஒரு அம்மா என் கோயில் வீதிப் படத்துக்கு முன்னால் நின்று பொட்டைச் சரிசெய்துகொண்டு போனார். ஒரு இடத்தை ஒத்துக்கொள்ளும் முன்னால் இருட்டிய பிறகு ஒருதரம் போய்ப் பாருங்கள், விளக்கு எங்கே, சுவரில் கொக்கி உண்டா, ஓதம் ஏறியிருக்கிறதா, மூன்றையும் கேளுங்கள். அவசரத்துக்கு இரண்டு படத்தைத் தண்ணீர் மையில் அச்செடுத்திருந்தேன், அதைக் கண்ணாடி இல்லாமல் வைத்தேன். சில தண்ணீர் மைகள் காய்ந்தபிறகும் ஈரம் பட்டால் கரையும். குடையை மடக்கிவிட்டு வந்த ஒரு குட்டிப்பெண் ஆசையாகத் தடவிப் பார்த்தாள். அவளைக் கோபித்துக்கொள்ள மனசு வரவில்லை.

வந்தவர்கள் குறைவு, மழை நின்ற மூன்று நாளில்தான் கூட்டம் என்று சொல்லும்படி ஏதோ இருந்தது. முதல் நான்கு நாள் நான் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "பிரிண்ட்டா? அப்ப ஒரிஜினல் எங்க?" இதுதான் ஒரிஜினல் என்றால், "இது ஜெராக்ஸ் மாதிரிதானே, எத்தனை வேணா எடுக்கலாமே, எதுக்கு ரெண்டாயிரம்?" ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், "சின்னப் பிள்ளைங்க ரப்பர்ல வெட்டி ஸ்டாம்ப் போடுவாங்களே, அதானேம்மா?" என்றார். அவரிடம் கம்பூன்றி நடக்கும் காந்தி படத்தைக் கேட்டேன், பார்த்திருக்கிறீர்களா என்று. பார்க்காதவர் யார்? தண்டி யாத்திரையின்போது 1930-ல் ஓவியர் நந்தலால் போஸ் வெட்டியது, அது லினோக்கட்தான் என்றதும் அவர் முகம் மாறியது. குழந்தைத் தொழிலாளர்களைப் பற்றி ஓவியர் சித்தபிரசாத் வெட்டிய லினோக்கட்டுகளையும் சொன்னேன், கறுப்பு வெள்ளை தவிர ஒரு நிறமும் இல்லாமல் வயிற்றைப் பிசைகிற படங்கள் அவை. ஆனாலும் வாயால் எத்தனை பேரிடம் சொல்வது? ஐந்தாம் நாள் சலித்துப்போய் மகாமகக் குளத்து பிளாக்கையே வீட்டிலிருந்து கொண்டுவந்து படத்துக்குக் கீழே ஒரு ஸ்டூலில் வைத்தேன், பக்கத்தில் உளி, ரோலர், நான் தேய்க்கப் பயன்படுத்தும் மரக்கரண்டி. இயந்திரம் கிடையாது என்னிடம், தாளின் பின்னால் அந்தக் கரண்டியை வைத்து ஒவ்வொரு பிரதிக்கும் இருபது நிமிஷம் தேய்க்கவேண்டும், பன்னிரண்டு பிரதிக்கு நாலு மணி நேரம், தோள்பட்டை வலி அங்கேயிருந்து வந்ததுதான். அன்றிலிருந்து ஜெராக்ஸ் என்ற பேச்சே இல்லை. மக்கள் படத்தைப் பார்த்தார்கள், பிளாக்கைத் தடவினார்கள், மறுபடி படத்தைப் பார்த்தார்கள். இதை முதல் நாளே செய்யாமல் நாலு நாளை வீணாக்கினேன்.

விற்பனையிலும் என் கணக்குத் தப்பு. ஃப்ரேம் போட்டது 2,000 ரூபாய், ஆறுதான் போனது, அதில் பாதிப் பணம் ஃப்ரேமுக்கே சரி. கடைசி நேரத்தில் வெறும் தாளை ஒளிபுகும் கவரில் போட்டு 700 ரூபாய் என்று மேசையில் வைத்தேன், பதினொன்று போனது. மழையில் பைக்கில் வருகிறவர் கண்ணாடி ஃப்ரேமை எப்படித் தூக்கிப்போவார்? அடுத்த முறை சுவரில் எட்டு ஃப்ரேம் போதும், மீதியெல்லாம் கவரில். ஒவ்வொரு தாளிலும் கீழே பென்சிலில் இடதுபக்கம் எண், நடுவில் தலைப்பு, வலதுபக்கம் கையெழுத்து. 3/20 என்றால் இருபதில் மூன்றாவது பிரதி. நான் பன்னிரண்டு பிரதிதான் எடுத்திருந்தேன், மீதியை அப்புறம் எடுக்கலாம் என்று எல்லாவற்றிலும் இருபது என்று போட்டுவிட்டேன். கண்காட்சியில் கீழே விழுந்ததில் அந்த பிளாக்குகளில் ஒன்றின் மூலை பெயர்ந்துவிட்டது. இனி அந்த இருபது ஒருநாளும் முழுமையாகாது. எடுத்து முடித்ததை எண்ணித்தான் எண் போடவேண்டும்.

கூடத்தோடு பணக்கணக்கு. வாடகை இல்லை என்றவர்கள், விற்றால் ஏதாவது பார்த்துச் செய்யுங்கள் என்றும் சொல்லியிருந்தார்கள். நான் ஆயிரம் ரெண்டாயிரம் என்று நினைத்தேன். முடிந்தபின் நூற்றுக்கு இருபது என்றார்கள், 19,700-ல் 3,940 ரூபாய். கரண்ட், துப்புரவு என்று தனியாக 1,500. அது நியாயமான தொகையாகக்கூட இருக்கலாம், பெரிய காட்சிக்கூடங்களில் இதைவிட அதிகம் எடுப்பார்கள். வலித்தது என்னவென்றால் முன்னாலேயே சொல்லாதது. பணம் அவர்கள் கணக்கில் விழுந்ததால் எனக்கு டிசம்பரில் பாதி, மீதிக்கு ஏழு போன். ஒரு வெள்ளைத்தாளில் நாலு வரி எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தால் போதும்: எத்தனை விழுக்காடு, பணம் யார் கையில் வரும், எத்தனை நாளில் தருவார்கள், படம் உடைந்தால் யார் பொறுப்பு. தெரிந்தவர்களிடம் எப்படிக் கேட்பது என்று கூச்சப்பட்டேன். அந்தக் கூச்சத்தோடு ஏழு தரம் போன் போட்டுக் கேட்டேன், அதற்கு முதலிலேயே ஒருதரம் கேட்டிருக்கலாம். மற்ற செலவு கேட்பவர்களுக்கு: ஷீட், மை, தாள் 11,400, அழைப்பிதழும் பேனரும் 2,800, திறப்புவிழா போண்டா காபி 1,900, வேன் 1,600. ஃப்ரேமும் தையலும் மேலே சொன்னவை. எல்லாம் போக 24,200 ரூபாய் நஷ்டம்.

கடைசி நாள் சாயங்காலம், கயிற்றை அவிழ்க்கலாம் என்று இருந்தபோது ஒரு பெரியவர் வந்தார். நனைந்த வேட்டி, கையில் மடக்கிய குடை, படி ஏறியதில் மூச்சு வாங்கியது. சுவரைப் பார்க்கவே இல்லை, நேராக ஸ்டூலுக்குப் போனார். அன்று அதில் வேறு பிளாக் வைத்திருந்தேன், பெரியகடை வீதிப் பக்கம் முன்பு இருந்த ஒரு அச்சகம், இப்போது இடித்துவிட்டார்கள், நினைவிலிருந்து வரைந்தது. அதன் பலகையில் 'கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் வேலை' என்று இடவலம் மாற்றி வெட்டியிருந்தேன். இந்தமுறை ஒழுங்காக, கண்ணாடியில் காட்டிப் படித்து. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு விரலை வைத்து வலமிருந்து இடமாக மடமடவென்று படித்தார், நாம் நேரெழுத்தைப் படிக்கிற வேகத்தில். முப்பத்தைந்து வருஷம் கம்போசிட்டராம். ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோர்த்தவருக்கு எல்லாமே அப்படித்தானே இருந்திருக்கும்.

"நல்லா வெட்டியிருக்கம்மா" என்றார். அப்புறம் விரலை ஓரிடத்தில் நிறுத்தினார். "இது எந்த வருஷத்துப் பலகை?"

"நான் சின்னப்பிள்ளையா இருந்தப்ப பார்த்தது ஐயா. அதுக்கு ரொம்ப முன்னாடியே இருந்திருக்கும்."

"அப்ப இந்த லை தப்பு. இது எழுபத்தெட்டுக்கு அப்புறம் வந்தது. அந்தப் பலகையில தும்பிக்கை லை தான் இருந்தது. பெயிண்டர் எழுதறப்ப நான் பக்கத்துல நின்னேன்."

ஆமாம், 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோதுதான் லை, னை, ளை, ணை எல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி வளைந்த பழைய கொம்பை இழந்தன. அதற்கு முன்னால் எழுதிய பலகையில் புது லை எப்படி இருக்கும்? பார்த்த ஐந்நூறு கண்ணில் ஒன்றுக்கும் படவில்லை, வெட்டிய என் கண்ணுக்கும் படவில்லை. அவர் பென்சில் கேட்டு வாங்கி அழைப்பிதழின் பின்னால் அந்தப் பழைய லை-யை எழுதிக் காட்டினார், நேராக ஒன்று, திருப்பி ஒன்று. படம் வேண்டுமா ஐயா, சும்மா எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். "தப்பு இருக்கறது எதுக்கும்மா" என்று சிரித்துவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு இறங்கிப்போனார்.

லினோவில் வெட்டிப்போட்டதை ஒட்டமுடியாது. புது ஷீட் வந்திருக்கிறது, பின்னால் சணல் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டேன். மாசிப் பங்குனி வெயிலில் அச்செடுத்துவிடலாம். அழைப்பிதழைச் சுவரில் குத்திவைத்து அந்த லை-யை வெட்டிக்கொண்டிருக்கிறேன், அவர் எழுதிய இரண்டில் எது நேர் எது திருப்பம் என்று இதுவரை இரண்டுமுறை எழுந்துபோய்க் கண்ணாடியில் பார்த்தாயிற்று.